பதில் இல்லையென்றால் சரி

ஊத்துமேடு
9-8-87

அன்புள்ள தங்கதுரை மச்சானுக்கு, பூமாலை எழுதியது.

இங்கே நான், உங்கள் தங்கச்சி ஆண்டாள், பிள்ளைகள் இளஞ்செழியன், ராதிகா, எருமை இரண்டு, எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஊர்ப்பட்ட போலீஸ் துப்பாக்கியையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைக்கிற கை, சொந்த முதுகுக்கு ஒரு சொட்டு போட்டுக்கொள்ளக் கூடாதா?

நீங்கள் அனுப்பிய தோல் செருப்பு வந்து சேர்ந்தது. செழியன் அதைக் காலில் போடுவதைவிடக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் ஜாஸ்தி. கேட்டால், "தேஞ்சிடும்பா, ஐ.டி.ஐ. சேர்ற அன்னிக்கி போட்டுக்கினு போறேன்" என்கிறான். மாமன் கொடுத்தது என்றால் அப்படி ஒரு பவுசு. அப்பன் வாங்கிக் கொடுத்த சைக்கிளைத் துடைக்க மாட்டான்.

ஒரு சங்கதி கேட்க வேண்டும். மழைக்கு முன் பரணைச் சுத்தம் பண்ணியபோது எங்கள் அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. மலையில் ஜாகீர்தாருக்கு அப்பாதான் துப்பாக்கி துடைத்துக் கொடுப்பார், உங்களுக்குத் தெரியும். துடைக்க வந்தது திரும்பிப் போகவே இல்லை போலிருக்கிறது. கூடவே பத்துப் பதினைந்து பழைய தோட்டா. மலையாட்களின் பன்றித் துப்பாக்கியை நானும் பழுது பார்க்கிறவன்தானே, ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நாட்டுத் துப்பாக்கிக்கு இடிக்கிற கறுப்புக் கரி மருந்து இல்லை மச்சான். சேமியா! ஒரு கட்டு சேமியா, தேன் நிறத்தில். ஒரு இழையைப் பற்றவைத்தேன். கரி மருந்து போல் சீறவில்லை, புகையில்லை, மெழுகுவத்தி மாதிரி சாதுவாக எரிந்தது. இது என்ன?

உடனே பதில் போடுங்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமில்லையா? உங்கள் தங்கச்சியைப் பெண் கேட்டு அன்று நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதிலே போடவில்லை. "எங்கண்ணன் வேணான்னு எழுதல, அப்டின்னா சரிதான்" என்று இவளே சொல்லி, உங்கப்பா தாம்பூலம் மாற்றினார். அன்றிலிருந்து நம் இரண்டு வீட்டிலும் அதுதானே சட்டம்.

அடுத்த மாதம் இட ஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். முதுகைக் கவனியுங்கள்.

பூமாலை


போலீஸ் லைன்
17-8-87

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனைவர் சுகமும் அறிந்து மகிழ்ச்சி. முதுகு அப்படியே இருக்கிறது, எண்ணெய்க்கு மசியவில்லை.

நீங்கள் சேமியா என்று எழுதியதைப் படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதன் பெயர் கார்டைட். அந்தத் துப்பாக்கி நாங்கள் இன்றும் வைத்திருக்கும் த்ரீ நாட் த்ரீயின் பாட்டன், இரண்டுக்கும் ஒரே தோட்டாதான். நூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரன் அந்தத் தோட்டாவைச் செய்தபோது, முதலில் அதற்குள்ளும் கரி மருந்தைத்தான் அடைத்தான். இரண்டு மூன்று வருஷத்திலேயே அதை விட்டுவிட்டு இந்தப் புகையில்லாத மருந்துக்கு மாறினான். திறந்த வெளியில் சாதுவாகத்தான் எரியும். மற்ற கதையைத் தீபாவளிக்கு வரும்போது நேரில் சொல்கிறேன். அந்தத் துப்பாக்கியைச் சுற்றிப் பரணிலேயே வையுங்கள்.

மறியலுக்கு நீங்கள் போங்கள். செழியனை அனுப்ப வேண்டாம். இங்கே எங்களுக்கு லீவையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். ஆண்டாளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தங்கதுரை


ஊத்துமேடு
28-9-87

மச்சானுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் இல்லை.

பத்து நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதுகிறேன். தந்தி வந்திருக்கும். நீங்கள்தான் வரவில்லை. தாய்மாமன் கோடித்துணி இல்லாமலேயே என் பிள்ளை போனான்.

அன்று எனக்குக் காய்ச்சல். வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்களே, அவன் போனான். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். மறியலின் இரண்டாம் நாள். ஏரிக்கரைக் கூட்டுரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். போலீஸ் வேன் வந்தது. கல் பறந்தது உண்மை, நான் பொய் சொல்ல மாட்டேன். முதலில் தடி. மண்டை பிளந்து இரண்டு பேர் சாக்கடையில் கிடந்தார்கள். அப்புறம் புகைக்குண்டு. அப்புறம் துப்பாக்கி. எதிர்வீட்டுக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் புழுவாகப் புரண்டார், அவர் பிழைத்துவிட்டார்.

செழியனைச் சாக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள். நான் பிரித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று நாலு பேர் பிடித்தார்கள், பார்த்தேன். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு ஓட்டை. இடுப்புக்கு மேலே முதுகில் என் கை நுழையும். தோளில் புகுந்து இடுப்பில் எப்படி வரும்? மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தா சுட்டார்கள்? எல்லாரும் சிதறி ஓடியதில் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.

ஆண்டாள் உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அண்ணனுக்கு லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பூமாலை


போலீஸ் லைன்
14-10-87

மாப்பிள்ளைக்கும் ஆண்டாளுக்கும்,

நீங்கள் இருவரும் ஒரு வாயாவது சாப்பிடுகிறீர்களா? ராதிகாவைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்களா?

நான் வராததற்குக் காரணம் எழுதினால் அது காரணமாக இருக்காது. லீவு கிடைக்கவில்லை. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். அவனுக்கு நான் மொட்டை அடித்து மடியில் உட்காரவைத்துக் காது குத்தியது நினைவிருக்கிறதா? ஊசிக்கு அழாமல், என் மீசையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஒரு விஷயம். அன்று சுட்ட தோட்டாக்களில் ஒரு காலித் தோட்டா மட்டும் கிடங்குக்குத் திரும்பவில்லை. பித்தளைக் கூடு, விரல் நீளம் இருக்கும். ஊரில் யாராவது எடுத்து வைத்திருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு துணியில் சுற்றி எனக்கு அனுப்பிவிடுங்கள். வைத்திருப்பவருக்குத் தொந்தரவு வரும்.

தங்கதுரை


ஊத்துமேடு
22-10-87

மச்சானுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தீபாவளி இல்லை.

காலித் தோட்டா என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாம் நாளே கூட்டுரோட்டுச் சாக்கடையில் கையை விட்டுத் துழாவினேன். செருப்பைத் தேடினேன், இந்தத் தோட்டாதான் கிடைத்தது. அனுப்ப மாட்டேன்.

இன்னொன்றும் கிடைத்தது. அவன் விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் முழங்கால் உயரத்தில் புதுக்காயம். உளி வைத்துத் தோண்டினேன். குண்டு வளைந்து பிளந்து இருந்தது. மேலே செம்புத் தகடு, பின்பாதி ஈயம், முனையில் மட்டும் வெள்ளையாக லேசாக வேறு ஏதோ. ஜாகீர்தார் தோட்டாவில் இருப்பது இப்படி இல்லை. அது மொழுக்கட்டை, முனை உருண்டை, உள்ளே முழுக்க ஈயம். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கூர்க்குண்டு? சுண்டைக்காயாகப் புகுந்தது முஷ்டியாக வெளியே வருவதற்காகவே செய்தார்களா? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

பூமாலை


போலீஸ் லைன்
30-10-87

மாப்பிள்ளைக்கு,

ஆண்டாளுக்கு ஜுரம் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். டாக்டரிடம் காட்டினீர்களா?

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மொழுக்கட்டைக் குண்டுதான் பழையது. அதைவிட வேகமாக, தூரமாகப் போக வேண்டும் என்று பிறகு கூர்க்குண்டு செய்தார்கள். முனையில் ஈயம் வைக்காமல் லேசான உலோகம் வைத்தார்கள். அதனால் அடிப்பக்கம் கனம். காற்றில் நேராகப் போகும். உடம்பில் பட்டதும் கனம் முன்னே வரப் பார்க்கும், குண்டு குட்டிக்கரணம் போடும். அதுதான் முதுகில் நீங்கள் பார்த்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் அதே குண்டுதான். அவனுக்கென்று யாரும் செய்யவில்லை.

மரத்தின் மேலிருந்தும் யாரும் சுடவில்லை. முழங்காலுக்குக் கீழே என்றுதான் உத்தரவு. செருப்பை எடுக்கக் குனிந்த பிள்ளைக்குத் தோள்தான் முழங்கால் உயரத்துக்கு வரும்.

அந்தக் காலித் தோட்டாவை எனக்கு அனுப்புங்கள் மாப்பிள்ளை. இல்லையென்றால் கோமுகி ஆற்றில் வீசுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கதுரை


ஊத்துமேடு
10-11-87

மச்சானுக்கு,

ஆண்டாளுக்கு ஜுரம் விட்டது. உங்களுக்கு முதுகுவலி இருந்தால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு கேள்வி.

முதல் கேள்வி. மலையடிவாரத்துச் செக்போஸ்டுக்குப் புதிதாக ஏட்டு ஒருவர் வந்திருக்கிறார், பெயர் சின்னக்கண்ணு. அன்று கூட்டுரோட்டுக்கு வந்த வேனின் லிஸ்டில் அவர் பெயர் இருந்ததாம். சுட்டது அவர்தான் என்று ஊரே சொல்கிறது. துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிறவர் நீங்கள். அவர்தானா?

இரண்டாவது. அந்தக் காலித் தோட்டாவை நான் மறுபடியும் அடைக்கப் போகிறேன். அடியில் தட்டினால் பொறி கிளப்பும் கேப்பை மாற்றியாகிவிட்டது, எப்படி என்று எழுத மாட்டேன். பழைய தோட்டாக்களில் கேப்பு செத்துவிட்டது, ஆனால் சேமியா நன்றாகத்தான் இருக்கிறது. குண்டுக்கு மொழுக்கட்டையே போதும். என் பிள்ளையைக் கொன்ற அதே பித்தளையில் வைத்து, கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு எதிலும் என் மனசு ஆறாது. மருந்து அளக்க எங்கள் அப்பாவின் மூங்கில் குழல் இருக்கிறது, கரி மருந்துக்குச் செய்தது. சேமியா அதில் நிற்காது. அதனால் அரிவாள்மனையில் பொடியாக நறுக்கி, அதே குழலில் தலைதட்டி அளந்து போடலாம் என்றிருக்கிறேன். முதலில் இதே தோட்டாவில் கரி மருந்தைத்தான் அடைத்தார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியென்றால் அதே அளவு சரிதானே? மருந்தோ சாது. கம்மியாகப் போட்டு குண்டு பாதியில் விழுந்துவிட்டால் என்ன பண்ணுவது?

என்னை நீங்கள் பிடித்துக் கொடுக்கலாம். கொடுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

பூமாலை


ஊத்துமேடு
2-12-87

மச்சானுக்கு,

மூன்று வாரம் தபால்காரரை வழி மறித்தேன். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

பிடிக்கவும் யாரும் வரவில்லை. ஆக, என் பக்கம்தான் நீங்கள். சீருடை போட்டவர், கைப்பட எழுத முடியாது. எனக்குப் புரிகிறது. நீங்கள் செழியனுக்கு மாமன் என்பதில் நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, போன மாதம் கொஞ்சம் பட்டேன், மன்னித்துவிடுங்கள். இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நம் வீட்டு வழக்கப்படி இரண்டுக்கும் சரி.

வரும் செவ்வாய்க்கிழமை சந்தை. சாராயம் இறங்குகிறதா என்று பார்க்க அந்த ஏட்டுப் பன்றி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடையைக் கடக்கும். நான் தாழம்புதரில் இருப்பேன். தோட்டாவை அடைத்து அழுத்தியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான். சுட்டுப் பார்த்துச் சோதிக்க வழியில்லை, உங்கள் வார்த்தைதான் சோதனை.

எனக்கு ஏதாவது ஆனால் ராதிகாவைப் படிக்கவையுங்கள். ஆண்டாளுக்கு இது எதுவும் தெரியாது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான்.

பூமாலை


ஊத்துமேடு
14-12-87

அண்ணனுக்கு,

ஆண்டாள் எழுதுகிறேன். ராதிகா சுகம். வேறு யாருடைய சுகத்தையும் எழுத இந்த வீட்டில் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஓடைப் பக்கம் இடி விழுந்த மாதிரி சத்தம். சந்தைக்குப் போன பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். துப்பாக்கி முன்னால் சுடாமல் பின்னால் வெடித்திருக்கிறது. அடைப்பு இரும்பு பிய்ந்து அவர் வலது கண்ணுக்குள் போய்விட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. மீதியைத் தாழம்புதரில் எறும்பு மொய்க்கப் பார்த்தேன்.

அவரைத் தூக்கியது யார் தெரியுமா? அந்த ஏட்டு சின்னக்கண்ணு. சட்டையைக் கழற்றி முகத்தில் கட்டி, பால் வண்டியை நிறுத்தி, மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்றாம் நாள் விடியும் வரை உயிர் இருந்தது. முனகலில் ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. "மச்சான் சரின்னாரு. சரின்னுதான்டி சொன்னாரு."

பன்றிக் காவலுக்குப் போனபோது வெடித்தது என்று சின்னக்கண்ணு எழுதிக் கொடுத்தார். எனக்குக் கேஸ் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார். பிணத்தைக் கொடுக்கும்போது அவரிடம் நேராகவே கேட்டேன், எம் புள்ளய சுட்டது நீங்கதானாமே என்று. அவர் அழுதுவிட்டார். "யம்மா, அன்னிக்கி லிஸ்ட்ல எம் பேரு இருந்தது நெசம்தான். ஆனா எம் பொண்ணுக்கு வாந்தி பேதி, ஆஸ்பத்திரில இருந்தேன். ஆள் பத்தலன்னு ஆயுதக் கெடங்குல இருந்த ஒங்கண்ணனத்தான் ஏத்திக்கினு போனாங்க. அவரு ஒங்களாண்ட சொல்லலியா?"

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். செருப்பை எடுக்கக் குனிந்தான் என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் யாரும் அதை உனக்கு எழுதவில்லை அண்ணா. எங்களுக்கே அது தெரியாது.

உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அன்று நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

ஆண்டாள்


போலீஸ் லைன்
18-12-87

ஆண்டாள்,

உன்னிடம் சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை.

வேனுக்கு முன்னால், இடது பக்கம், நாற்பதடி தூரத்தில் நின்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் இலக்குப் பலகையைத் தவிர எதையும் சுட்டதில்லை. எங்கள் இன்ஸ்பெக்டரின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது, கல் இன்னும் வந்துகொண்டிருந்தது, உத்தரவு வந்தது. புகையில் கால்கள்தான் தெரிந்தன. ஒரு முழங்காலைப் பார்த்து அழுத்தினேன். அந்த நொடியில் அவன் குனிந்தான். விழுந்த பிறகுதான் செருப்பைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த செருப்பு. ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தேன். "மாமா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தச் செருப்பு என் பெட்டியில் இருக்கிறது. காணாமல் போன காலித் தோட்டா என் துப்பாக்கியிலிருந்து விழுந்தது.

இனி மாப்பிள்ளையின் கேள்விகள். சின்னக்கண்ணு இல்லை என்று எழுதினால், யார் என்று அடுத்த கடிதத்தில் கேட்பார். கரி மருந்தின் அளவு இதற்கு ஆகாது, அந்தச் சாதுவை நறுக்கிப் பொடியாக்கி அடைத்தால் வெறிபிடித்துத் துப்பாக்கியையே தின்றுவிடும் என்று எழுதினால், சரியான அளவைத் தேடிப் பிடித்து ஒன்றும் செய்யாத ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டுத் தூக்கில் தொங்குவார். இப்படியெல்லாம் எனக்கு நானே மூன்று வாரம் சொல்லிக்கொண்டேன். அவர் அதை அடைக்க மாட்டார், அடைத்தாலும் கேப்பு பிடிக்காது என்றும் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை என்று எழுதிய கடிதம் எனக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. தந்தி ஆபீஸ் என் வீட்டுக்கு எதிரில் இருக்கிறது. அதன் வாசல் வரை போனேன். 'சுட்டது நான், தோட்டாவைத் தொடாதீர்கள்' என்று எழுத இடம் போதும். துப்பாக்கி வெடித்தால் என்னை யாரும் இனிக் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது ஆண்டாள், உன்னிடம் மறைக்க மாட்டேன். திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். உன் பிள்ளையைத் தெரியாமல் கொன்றேன். உன் புருஷனைத் தெரிந்தே கொன்றேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரியிடம் நடந்ததையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இருபத்தைந்தாம் தேதி கருமாதி. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் நீ உட்காரக் கூடாது. உனக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? புடவை எடுத்து வைத்திருக்கிறேன். கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டாவது போகிறேன். நீ என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உன் பதிலைப் பார்த்துவிட்டு வருவேன். பதில் இல்லையென்றால் சரி என்று எடுத்துக்கொண்டு வருவேன்.

தங்கதுரை


ஊத்துமேடு
21-12-87

தங்கதுரைக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் சரி என்று ஆகிவிடும். அதற்காக மட்டும் இந்தக் கார்டு.

சரி இல்லை. கோடி வேண்டாம். வராதே.

ஆண்டாள்